‘சூப்பர் கம்பெனி’, ‘தயவுசெஞ்சு சேராதீங்க’: ஒரே அனிமேஷன் நிறுவனத்தைப் பற்றி ஊழியர்கள் இரண்டு விதமாகப் பேசுவது ஏன்?

திருவண்ணாமலையில் பிளஸ் டூ, டிகிரி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது இன்ஜினீயரிங், நர்சிங் பேச்சோடு அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேமிங், எடிட்டிங் பேச்சும் சேர்ந்துவிட்டது. கல்யாண ஆல்பம் டிசைன், யூடியூப் சேனல் எடிட்டிங், பக்திப் பாடல் வீடியோ என்று ஊரிலேயே கைப்பழக்கம் பெற்ற இளைஞர்கள், அடுத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்புகிறார்கள். திருவண்ணாமலைக்கு மினி டைடல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, “நம்ம ஊர்லயே ஒரு நாள் ஸ்டுடியோ வரும்” என்ற நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது.

கிளம்பும் முன் அங்கே வேலை பார்க்கும் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர், “என் வாழ்க்கையையே மாத்தின கம்பெனிங்க” என்கிறார். அதே கம்பெனி, அதே வருடம், இன்னொருவர், “ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு, தயவுசெஞ்சு சேராதீங்க” என்கிறார்.

யார் சொல்வது உண்மை? பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். எப்படி என்பதைப் பார்க்கலாம்.

பெங்களூரில் 2025 பிப்ரவரியில் என்ன நடந்தது?

திருவண்ணாமலையில் இருந்து செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே டெக்னிகலர் என்ற நிறுவனத்தின் பெரிய ஸ்டுடியோ இருந்தது. பழைய கலர் படங்களில் டைட்டில் கார்டில் பார்த்த பெயர்தான். 1915இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பெயர், பிற்காலத்தில் எம்பிசி, தி மில், மிக்ரோஸ் ஆகிய ஸ்டுடியோக்களை வைத்திருந்த சர்வதேசக் குழுமத்தின் பெயரானது.

எம்பிசி லேசுப்பட்ட கம்பெனி இல்லை. ‘தி ஜங்கிள் புக்’, ‘1917’ படங்களின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் விருதுகளில் அதற்குப் பங்கு உண்டு. 2024 டிசம்பரில் வெளியான ‘முஃபாசா: தி லயன் கிங்’ படத்தின் சிங்கங்கள் எம்பிசியில் உருவானவை. இப்படிப்பட்ட வேலைகளில் பெங்களூர் குழுவின் உழைப்பு கணிசமானது. ஒரு தியேட்டரில் உட்கார்ந்து, படம் முடிந்தபின் ஓடும் ஆயிரக்கணக்கான பெயர்களில் தன் பெயரைத் தேடிப் பிடித்து போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியவர்களுக்கு அது கனவு கம்பெனிதான்.

‘முஃபாசா’ வெளியாகி இரண்டு மாதம். 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் குழுமம் பணமில்லாமல் சரிந்தது. லண்டன், அமெரிக்கா என்று அடுத்தடுத்து கதவு மூடப்பட்டது. இந்தியாவில் சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. வேலை போனது மட்டுமல்ல, உழைத்த மாதத்துச் சம்பளமே வருமா என்ற கேள்வி எழுந்தது. கர்நாடக ஐடி ஊழியர் சங்கமான கேஐடியு விவகாரத்தைத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோனது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நாட்களில் வேலை இழந்த பலர் கம்பெனியைத் திட்டவில்லை. கூட வேலை பார்த்தவர்களைப் பற்றியும், அங்கே கற்றுக்கொண்டதைப் பற்றியும் உருகி எழுதினார்கள். வேறு சிலர் சம்பளம், பிஎஃப் பற்றி மட்டுமே கேட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர்கள்.

நல்ல கம்பெனியும் மூழ்கும்: ‘லைஃப் ஆஃப் பை’ கதை

கிழக்குப் பக்கம் திரும்புவோம். திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டரில் புதுச்சேரி. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் பையன் பிறந்து வளர்ந்த ஊர். அந்தப் படத்தில் படகில் அவனோடு வரும் புலி, பெரும்பாலான ஷாட்களில் நிஜப் புலி அல்ல. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் உருவாக்கிய புலி. அந்த ஸ்டுடியோவுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. புலிக்கு உயிர் கொடுத்ததில் அங்கிருந்த இந்தியக் கலைஞர்களுக்கும் பங்குண்டு.

1987இல் தொடங்கிய ரிதம் அண்ட் ஹியூஸ், அந்தத் துறையில் ‘ஊழியரை மனுஷனா நடத்துற இடம்’ என்று பெயர் எடுத்தது. மருத்துவக் காப்பீடு, விடுமுறை, கம்பெனி நிலைமையை ஊழியரிடம் மறைக்காமல் பேசுவது என்று அதன் புகழ் பெரிது. ‘பேப்’, ‘தி கோல்டன் காம்பஸ்’ படங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியிருந்தது.

2013 பிப்ரவரி 24 ஆஸ்கர் விழா. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு அந்த ஸ்டுடியோ திவால் பாதுகாப்பு கேட்டது. சுமார் 250 பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விழா நாளில் அரங்கத்துக்கு வெளியே தெருவில் நூற்றுக்கணக்கான விஎஃப்எக்ஸ் கலைஞர்கள் போராட்டம். உள்ளே, ‘லைஃப் ஆஃப் பை’க்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர். மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் தன் ஸ்டுடியோவின் பண நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியதும், நேரம் முடிந்தது என்று ‘ஜாஸ்’ படத்தின் சுறா மியூசிக்கைப் போட்டு மைக்கை அடக்கினார்கள். உலகம் முழுக்க விஎஃப்எக்ஸ்காரர்கள் தங்கள் ஃபேஸ்புக் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைக் கட்டத்தை வைத்தார்கள். நாங்கள் இல்லையென்றால் திரையில் இதுதான் தெரியும் என்று அர்த்தம்.

படம் உலகம் முழுக்க 60 கோடி டாலர் வசூலைத் தொட்டது. புலியைச் செய்த கம்பெனி கைமாறியது. முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கியதாக முன்னாள் ஊழியர் தரப்பில் வழக்கும் போனது. அமெரிக்கச் சட்டப்படி, இவ்வளவு பேரை நீக்க 60 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆக, ஊழியரை நன்றாக நடத்திய கம்பெனியின் மீதே ஊழியர் வழக்கு. இதில் யாரையும் நன்றி கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல மேலாளருக்கு நன்றி சொல்வது வேறு, வீட்டு வாடகை வேறு.

பணம் எங்கே ஒழுகுகிறது?

விஷயம் இதுதான். ஒரு ஸ்டுடியோவின் உள்ளே இருக்கும் சூழலை, பெரும்பாலும் வெளியே போடப்படும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.

வீடு கட்டும் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இவ்வளவு என்று ரேட் பேசியாகிவிட்டது. வீட்டுக்காரர் தினம் வந்து, “இந்தச் சுவரை அந்தப் பக்கம் தள்ளு, ஜன்னலைப் பெருசாக்கு” என்கிறார். ரேட் ஏறாது. மேஸ்திரி என்ன செய்வார்? ஒன்று, கைக்காசைப் போட்டு முடிப்பார். இல்லையென்றால் கொத்தனாரையும் சித்தாளையும் ராத்திரி வரை நிற்க வைப்பார்.

விஎஃப்எக்ஸ் துறை பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. இத்தனை ஷாட், இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே ஏலம் மாதிரிப் பேசி வேலை எடுக்கிறார்கள். டைரக்டர் மனம் மாறினால் அதே ஷாட்டை பத்து, இருபது முறை மாற்ற வேண்டும். வெளியீட்டுத் தேதி மட்டும் மாறாது. அந்த இடைவெளியை நிரப்புவது ஊழியரின் தூக்கம். இதற்குத் துறையில் பெயரே உண்டு: ‘கிரன்ச்’.

மேலே லண்டன், கனடா நகரங்கள் சலுகை கொடுத்தால் வேலை அங்கே ஓடும். மலிவான உழைப்பு தேவை என்றால் இந்தியாவுக்கு ஓடும். ஒரு படம் நாலு மாதம் தள்ளிப்போனால், அந்த நாலு மாதச் சம்பளத்துக்கு ஸ்டுடியோவிடம் பணம் இருக்காது. ரிதம் அண்ட் ஹியூஸை அமுக்கியதில் இப்படித் தள்ளிப்போன வேலைகளுக்குப் பங்கு உண்டு. கடைசி நேரத்தில் ஹாலிவுட் பெரிய கம்பெனிகள் அதற்குக் கடன் கொடுத்ததுகூட, தங்கள் படம் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஹெச்ஆர் சுவரில் ஒட்டும் ‘நாம் ஒரு குடும்பம்’ போஸ்டரில் இந்த ஒப்பந்தம் தெரியாது.

ஒரே கட்டிடம், வேறு வேறு நாற்காலி

அப்படியானால் ஒருவர் சந்தோஷமாகவும் ஒருவர் கசப்பாகவும் இருப்பது எப்படி? எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

இந்தியாவில் புதிதாகச் சேரும் பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை ‘ரோட்டோ’. படத்தில் ஆள் நடந்து போகிறார் என்றால், பின்னணியை மாற்றுவதற்காக அவர் உருவத்தை மட்டும் ஓரம் ஓரமாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். காற்றில் பறக்கும் தலைமுடி, புடவைத் தலைப்பு, பைக் சக்கரத்தின் கம்பி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும். இதில் கற்பனைக்கு இடம் குறைவு, பொறுமைக்கு இடம் அதிகம். ‘கிரியேட்டிவ்’ வேலை என்று நம்பி வந்தவருக்கு முதல் ஆறு மாதத்திலேயே மனசு விட்டுப்போவது இங்கேதான். ஏஐ கருவிகள் முதலில் கை வைக்கும் வேலையும் இதுவே என்பதால் பயம் வேறு.

அதே மாடியில் கம்போசிட்டிங், லைட்டிங், அனிமேஷன் பிரிவில் இருப்பவருக்கு வேறு உலகம். அவர் செய்த மாற்றம் திரையில் தெரியும். சூப்பர்வைசர் பெயர் சொல்லிப் பாராட்டுவார். அடுத்த கம்பெனியில் சம்பளம் ஏறும். வேலை நேரம் இருவருக்கும் ஒன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒருவருக்கு அது முதலீடு, இன்னொருவருக்கு அது தேய்மானம்.

நேர வித்தியாசம் ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே இருக்கும் சூப்பர்வைசர் பார்த்து ‘ஓகே’ சொல்ல வேண்டிய ஷாட் என்றால், இங்கே ஒருவர் விழித்திருக்க வேண்டும். பிஜி ரூமில் தனியாக இருக்கும் 23 வயதுப் பையனுக்கு அது ஜாலியாக இருக்கலாம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு அதே ஷிஃப்ட் வேலையை விட வேண்டிய காரணமாகிவிடுகிறது. “கம்பெனி கல்ச்சர் நல்லா இருக்கு” என்று சொன்னவர் யார் என்பதைக் கேட்காமல் அந்த வாக்கியத்தை எடைபோட முடியாது.

நிரந்தர ஊழியரா, ஒரு படத்துக்கு மட்டும் ஒப்பந்தமா என்பதும் சேர்ந்துகொள்ளும். படம் முடிந்ததும் பார்ட்டியில் கேக் வெட்டும்போது இருவரும் பக்கத்தில்தான் நிற்பார்கள். மறுநாள் ஐடி கார்டு ஒருவருக்கு மட்டும் வேலை செய்யும்.

நம்ம ஊர் பழைய உதாரணம்: ஜெமினி ஸ்டுடியோ

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துப் பிரச்னை என்று நினைத்தால், சென்னை அண்ணா மேம்பாலத்தை ஏன் இன்னும் ‘ஜெமினி’ என்று சொல்கிறோம் என்று யோசியுங்கள். அங்கே எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்தது. 1948இல் ‘சந்திரலேகா’வைக் கொடுத்த இடம். மாதச் சம்பளத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்த்த, அந்தக் காலத்து ‘கிரியேட்டிவ் கம்பெனி’.

எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை அங்கே ஊழியர். அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களில் இருந்து துண்டுகளை வெட்டி ஃபைலில் ஒட்டுவது. அந்த அனுபவங்களைப் பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஒரு பகுதி சிபிஎஸ்இ பிளஸ் டூ ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

அதில் ஒரு ‘ஆபீஸ் பையன்’ வருகிறார். பையன் என்றாலும் வயது நாற்பதைத் தாண்டியவர். நடிகராகவோ, இயக்குநராகவோ, பாடலாசிரியராகவோ ஆகும் கனவோடு ஸ்டுடியோவுக்குள் வந்தவர். கிடைத்தது, கூட்டக் காட்சிகளில் நிற்கும் துணை நடிகர்களுக்கு மொத்தமாக மேக்கப் அப்பும் வேலை. தன் நிலைக்கு முழுக் காரணம் கொத்தமங்கலம் சுப்புதான் என்று அவர் நம்பினார். ஜெமினியில் வாசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் சுப்பு.

ஆனால் அதே சுப்புவை அசோகமித்திரன் வேறு விதமாகவும் காட்டுகிறார். ஒரு காட்சியை எப்படி எடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் திணறும்போது, அடுக்கடுக்காக யோசனை சொல்லக்கூடியவர். அவர் வீட்டில் எப்போதும் உறவினர் கூட்டம் தங்கிச் சாப்பிடும். பிற்பாடு ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவரும் அவர்தான். ஒருவருக்கு வாழ்க்கையைக் கெடுத்தவர், இன்னொருவருக்குத் திறமையின் ஊற்று. முதலாளிக்கு நெருக்கமாகத் தெரிகிறவர் மேல் மற்றவர்களுக்கு வரும் எரிச்சலும் இதில் உண்டு என்பதை அசோகமித்திரன் மறைக்கவில்லை. இன்றைக்கு ‘ஆபீஸ் பாலிடிக்ஸ்’ என்று சொல்வதை அவர் ஒரு சிரிப்போடு அப்போதே எழுதிவிட்டார்.

ஜெமினியின் கதை இலாகா என்ன ஆனது தெரியுமா? கவிஞர்களும் எழுத்தாளர்களும் சாவகாசமாகக் காபி குடித்துப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பிரிவு ஒரு நாள் மூடப்பட்டது. அவர்களோடு சேர்த்துக் கணக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு வக்கீலுக்கும் வேலை போனது. காபி நன்றாக இருந்தது என்பது வேலைக்கு உத்தரவாதமாக அன்றைக்கும் இல்லை.

சங்கம் இருந்தால் மாறுமா?

தமிழ் சினிமாவில் லைட்மேன், மேக்கப், சண்டைக் கலைஞர் என்று பல பிரிவுக்கு ஃபெப்சியின் கீழ் சங்கம் உண்டு. கால்ஷீட் தாண்டினால் கூடுதல் சம்பளம், பேட்டா எல்லாம் பேசி வைத்த கணக்கு. ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் ஸ்டுடியோ ஊழியருக்கு அப்படி ஒரு கணக்கு பெரும்பாலும் இல்லை. ‘நாங்க கலைஞர்கள், தொழிலாளி இல்ல’ என்ற எண்ணமும் ஒரு காரணம். கம்பெனிகளுக்கு அந்த எண்ணம் ரொம்ப வசதி. அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோவின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துச் சங்கத்தில் சேர்ந்தது அந்த எண்ணம் அசையத் தொடங்கியதற்கு அடையாளம்.

சரி, சேர்வதற்கு முன் என்ன கேட்பது?

“கம்பெனி எப்படிங்க?” என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’, ‘மோசம்’ இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்த டிபார்ட்மென்ட்? போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? கடைசிப் படம் முடிந்ததும் உங்கள் டீமில் எத்தனை பேர் மிச்சம்? ராத்திரி தங்கினால் அதற்குப் பணமா, பிரியாணியா? பெண்கள் கேட்டால், இரவு வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலில் அபிப்பிராயம் குறைவாகவும் தகவல் அதிகமாகவும் இருக்கும்.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி நியமனக் கடிதம் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். நீங்களே ராஜினாமா செய்தாலும், கம்பெனி நீக்கினாலும், கம்பெனியே மூடினாலும், வர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்த காலம் குறிப்பிட்டுச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உரிமை உண்டு. முன்பு போல ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பதும் இருக்கிறது. ஆனால் அது ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் அதில் வரமாட்டார். எனவே இரண்டே வருடத்தில் உங்களுக்கு ‘லீட்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படும் முன் யோசிக்கலாம். பெயர் என்ன என்பதைவிட, உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் சட்டத்தில் எடுபடும்.

பிஎஃப் பிடிக்கிறார்கள் என்றால், அது கணக்கில் ஏறுகிறதா என்பதை யூஏஎன் எண்ணை வைத்து உமங் ஆப்பில் மாதாமாதம் பார்க்கலாம். ஒரு ஸ்டுடியோ தள்ளாடத் தொடங்கினால் அதன் முதல் அறிகுறி பல நேரம் இங்கேதான் தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், கணக்கில் இருக்காது.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை ‘சும்மா ஃபைலுக்கு’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். கல்விச் சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ‘பாண்ட்’ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். வங்கி ஊழியர் ஒருவர் வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. “பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாதுப்பா” என்று யாராவது தைரியம் சொன்னால், அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். தொகை எவ்வளவு, எத்தனை மாதம், பதிலுக்கு என்ன பயிற்சி என்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

சம்பளப் பாக்கி என்றால் போக வேண்டியது, வேலை பார்த்த ஊரின் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. பெங்களூர் கம்பெனி என்றால் கர்நாடகத்தில்தான் புகார். பாலியல் தொந்தரவு என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் உள்புகார் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சின்ன எடிட்டிங் ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எதற்கும் கையில் ஆதாரம் வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ‘இன்னைக்கு நைட் இருந்து முடிச்சிடுங்க’ என்று வந்த மெசேஜ் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கோ போனுக்கோ மாற்றி வையுங்கள். கம்பெனி மெயில், ஐடி கார்டு நிறுத்தப்படும் அதே நிமிடத்தில் நின்றுவிடும்.